அரை நூல் அளந்த விரல்

என் இரு கைகளிலும் பத்து விரல்கள் முழுமையாக இருக்கின்றன. கனரக இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் தொழிலில் முப்பத்தெட்டு ஆண்டுகள் இருந்துவிட்டு வந்தவன் இப்படிச் சொல்லிக்கொள்வதில் எவ்வளவு பெருமை இருக்கிறது என்பது, புதுச் சீருடையோடு மண்ணூர்பேட்டைப் பட்டறைக்குள் இப்போதுதான் நுழைந்திருக்கும் உங்களுக்கு உடனே விளங்காது. நான் சேர்ந்த காலத்தில் பெருமை வேறொரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. விரல் போனவரையே அன்று மேஸ்திரி என்று மதித்தோம். புதிதாக ஒருவர் வேலைக்கு வந்தால், எத்தனை ஆண்டு அனுபவம் என்று கேட்பதற்கு முன் அவர் கையைத்தான் பார்ப்போம். ஒரு விரல் குறைந்திருந்தால் அவருக்குத் தேநீர் முதலில் வரும்.

எனக்குத் தொழில் தந்தவருக்கு இடக்கையில் இரண்டே விரல்கள். தேநீர்க் கடையில் அவரைப் பற்றி நாங்கள் பேசிய பேச்சைக் கேட்டால், போர்க்களத்தில் அவற்றை இழந்தார் என்று நினைக்கத் தோன்றும். அவரோ, திருமண வீடுகளுக்கு வந்தால் அந்தக் கையைக் காற்சட்டைப் பையை விட்டு வெளியே எடுக்கவே மாட்டார். ஒருநாள் காரணம் கேட்டேன். "இது சர்வீசு இல்லப்பா. மூணு வாட்டி நான் யோசிக்காம இருந்ததுக்கு சாட்சி" என்றார். அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. கையை மறைத்து வாழ்ந்தவரை மேடையில் ஏற்றிக் காட்டுவது மரியாதையாகாது.

அவர் சொன்னது செவியில் விழுந்தது. கைக்குப் போய்ச் சேர முப்பது ஆண்டுகள் ஆயின. அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

நம் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பொக்லைன் இயந்திரத்தின் நீண்ட கரத்தோடு மண் அள்ளும் பக்கெட்டை இணைக்க வேண்டுமானால், பக்கெட்டின் இரண்டு காதுகளிலும் உள்ள துளைகள், கரத்தின் நுனியில் உள்ள துளையோடு ஒரே நேர்கோட்டில் வந்து நிற்க வேண்டும். அப்போதுதான் பின் எனப்படும் இரும்பு உருளை உள்ளே ஏறும். ஓட்டுநர் அறையில் இருப்பவருக்கு அந்தத் துளைகள் தெரியாது. வெளியே நிற்பவர் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் கிரீசும் நிழலும் அப்பிய அந்த இடத்தில் கண்ணுக்கு எதுவும் பிடிபடாது. ஆகவே நாங்கள் விரலை உள்ளே விடுவோம். ஒரு துளையின் விளிம்புக்கும் மற்றதன் விளிம்புக்கும் இடையிலுள்ள படியை விரல் நுனி தடவிப் பார்த்துச் சொல்லும். "ரெண்டு நூல் ஏத்து." "அரை நூல் இறக்கு." நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு.

அந்தக் கலையில் எங்கள் பட்டறையில் இருவர் பெயர் பெற்றிருந்தோம். ஒருவன் நான். மற்றவர் கரீம் பாய். பூந்தமல்லிக்காரர், என்னைவிட ஆறு வயது இளையவர். அவருடைய வலக்கை நடுவிரல் அரை நூலை அளந்து சொல்லும். நான் முக்கால் என்பேன். அவர் அரை என்பார். இரும்பு அளவுகோலை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். தோற்றவர் தேநீர் வாங்கித் தர வேண்டும். நான் வாங்கித் தந்த தேநீரைச் சேர்த்து வைத்தால் ஒரு குளம் தேறும்.

விடியலில் நீராடி, நீறு பூசி, ஒரு பதிகமேனும் பாடாமல் நான் வீட்டை விட்டுக் கிளம்பியதில்லை. தலை எதற்கு, கண் எதற்கு, செவி எதற்கு என்று உறுப்புகளை இறைவன்முன் ஒவ்வொன்றாக நிறுத்திப் பாடும் மரபு நம்முடையது. கை தொழுவதற்கு, மலர் தூவுவதற்கு என்று ஆறு மணிக்கு உருகிப் பாடிவிட்டுப் பத்து மணிக்கு அதே கையை இரும்பின் வாய்க்குள் விட்டுக்கொண்டிருந்தேன். பாட்டுக்கும் பழக்கத்துக்கும் நடுவில் அவ்வளவு பெரிய பள்ளம் இருந்தது என் கண்ணில் படவே இல்லை. தினமும் தாண்டுகிற பள்ளம் யார் கண்ணிலும் படுவதில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், அயனம்பாக்கம் ஏரியில் தூர்வாரும் பணி நடந்தது. கோடையில் ஏரியின் ஒரு பகுதி வற்றி, அடிக்களிமண் வெடித்துக் கிடந்தது. அங்கே ஒரு பொக்லைன் நின்றுவிட்டது. எண்ணெய் அழுத்தத்தைக் கரத்துக்குக் கொண்டுபோகும் குழாய் வெடித்துவிட்டது; பக்கெட்டின் பின்னும் தேய்ந்து ஆடியது. கரீம் பாயும் நானும் போனோம். இயந்திரத்தின் ஓட்டுநர் செல்வம் அங்கே இருந்தார். முப்பது வயதுக்காரர், வாய் ஓயாதவர். பணியை மேற்பார்த்த சூப்பர்வைசர் ஒருவர், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையிலேயே குழாயை மாற்றிவிட்டோம். புதுக் குழாயில் காற்று தங்கும். அதை வெளியேற்றாவிட்டால் கரம் சொன்னபடி கேட்காது. செல்வம் நெம்புகோலை இழுத்துப் பார்த்தார். கரம் மேலே போவதற்கு முன் ஒரு கணம் கீழே தணிந்து, பிறகுதான் எழுந்தது. மறுபடி இழுத்தார். மறுபடியும் தணிந்து எழுந்தது.

"இன்னா மேஸ்திரி, உன் வண்டி கும்புடு போட்டுட்டு ஏறுது! உன்னாண்ட சேந்து அதுக்கும் பக்தி வந்துகிச்சு" என்று செல்வம் அறையிலிருந்து கத்தினார். எல்லோரும் சிரித்தோம்.

காற்றை முழுவதும் எடுத்துவிட்டுத்தான் மேற்கொண்டு போயிருக்க வேண்டும். சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார். பின்னை ஏற்றிவிட்டுக் காற்றை எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். அவர் அவசரப்படுத்தினார் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். முடிவு என்னுடையது.

பக்கெட்டைக் களிமண் தரையில் நிறுத்தியிருந்தோம். கரத்தின் நுனி அதன் இரண்டு காதுகளுக்கும் நடுவே இறங்கியிருந்தது. நுனியிலிருந்து நாலடி தள்ளி, கரத்துக்கு அடியில் ரயில்வே ஸ்லீப்பர் கட்டைகளை அடுக்கினேன். கரம் தற்செயலாக இறங்கினாலும் கட்டை தாங்கும் என்று ஓர் எண்ணம். கட்டைக்கும் இரும்புக்கும் இடையில் கொஞ்சம் இடைவெளி இருந்தது.

"இன்னா ண்ணா, கல்யாணத்துக்கு மேடை போடுறீங்களா? பொண்ணு யாரு, பக்கெட்டா?" என்றார் கரீம் பாய்.

"மாப்பிள்ளை நீதான். கையைக் கழுவிட்டு வா" என்றேன் நான்.

துளைகள் இன்னும் ஒன்றையொன்று சேரவில்லை. கரத்தின் துளை தாழ்ந்தும் காதுகளின் துளை உயர்ந்தும் இருந்ததால், நடுவே பிறை வடிவில் ஓர் இடுக்கு மட்டும் தெரிந்தது. நான் மறுபுறம் நின்றிருந்தேன்.

"இன்னும் எவ்வளவு?" என்று கேட்டேன்.

அந்தக் கேள்வியை நான் ஆயிரம் முறை கேட்டிருப்பேன். எங்கள் பழக்கத்தில் அதற்குப் பொருள் ஒன்றுதான். விரலை விட்டுப் பார்த்துச் சொல்! கரீம் பாய் வலக்கையின் மூன்று விரல்களை அந்தப் பிறைக்குள் விட்டார்.

அப்போது நெம்புகோலை ஒருவரும் தொடவில்லை. செல்வம் இரண்டு கைகளாலும் துண்டைப் பிடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கரம் தானாகவே தணிந்தது. இரண்டு நூல் இறங்கியிருக்கும். கட்டையின்மேல் உட்கார்ந்து நின்றுவிட்டது. ஓசைகூடப் பெரிதாக எழவில்லை.

"ண்ணா" என்றார் கரீம் பாய். கூச்சல் இல்லை. கடையில் சில்லறை கேட்பதுபோல அவ்வளவு மெல்லிய குரல். நான் சுற்றிவந்து பார்த்தேன். மூன்று விரல்களும் இரண்டாம் கணுவரை இரும்புக்குள் இருந்தன. பக்கெட் காதின் ஓரமாக இரத்தம் வழியத் தொடங்கியிருந்தது.

அடுத்த நொடியில் ஏரியே கத்தியது. "தூக்கு! தூக்கு! ஆர்ம தூக்குடா!" லாரி ஓட்டுநர்கள், மண் ஏற்றுபவர்கள், கரையில் போய்க்கொண்டிருந்தவர்கள் என எல்லா வாயிலிருந்தும் அந்த ஒரே சொல். செல்வத்தின் கை நெம்புகோலுக்குப் போனது.

"செல்வம்! கையை எடு! வண்டியை நிறுத்து!" என்று நான் கத்தினேன்.

"பைத்தியமா புட்ச்சிகிச்சு மேஸ்திரி உனக்கு? பாய் கை மாட்டிகினு கீது!"

"நிறுத்துன்னு சொன்னேன்! சாவியத் திருப்பு!"

எஞ்சின் நின்றது. அந்த அமைதியில் எல்லோருடைய வசவும் தெளிவாகக் கேட்டது. சூப்பர்வைசர் என் தோளைப் பிடித்துத் திருப்பினார். "உங்களுக்கு மனசாட்சி இருக்கா? தூக்கச் சொல்லுங்க. நான் சொல்றேன், தூக்குங்க!"

என் மனத்தில் இருந்தது ஒன்றுதான். காலையில் நாங்கள் பார்த்துச் சிரித்த அந்தக் கும்பிடு. நெம்புகோலை இழுத்தால் கரம் நிச்சயம் மேலே போகும். ஆனால் போவதற்கு முன் ஒரு கணம் தணியும். கட்டை கொஞ்சம் தாங்கலாம்; பழைய மரம் நசுங்கவும் செய்யலாம். அந்த ஒரு கணத்துக்கு, அந்த அரை நூலுக்கு, கரீம் பாயின் விரல்களுக்குள் இடமில்லை.

நெஞ்சுக்குள் ஒரு பதிகம் தானாக எழுந்தது. ஆபத்தில் எனக்கு எப்போதும் எழுவது. கண்களும் தானாக மூடிக்கொள்ளும். அன்று முதல்முறையாக, பாடத் தொடங்கிய வரியைப் பாதியில் நிறுத்தினேன். கண் திறந்திருக்க வேண்டிய நேரம் அது. பாதியில் நின்ற பாட்டை இறைவன் குறையாக எண்ணியிருக்க மாட்டான் என்பதில் எனக்கு இன்றுவரை ஐயமில்லை.

கரத்தை மேலே கொண்டுபோக முடியாது. ஆனால் பக்கெட்டைக் கீழே கொண்டுபோகலாம் அல்லவா? கரம் கட்டையில் இருக்கிறது. பக்கெட் களிமண்ணில் இருக்கிறது. அதன் அடியிலுள்ள மண்ணை எடுத்தால் பக்கெட் இறங்கும், இடுக்கு திறக்கும், இயந்திரத்தைத் தொடவே வேண்டாம்.

"செல்வம், எறங்கி வா. மம்முட்டி எடு. அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். பக்கெட்டுக்கு அடியில இருக்கற மண்ண எடுக்கணும். ரெண்டு பக்கமும் ஒரே அளவு. நான் ஒண்ணுன்னா ஒரு வெட்டு. சாஞ்சா கை போயிடும்."

சூப்பர்வைசர் இன்னும் கத்திக்கொண்டிருந்தார். கத்துகிறவருக்கு ஒரு வேலை கொடுத்துவிட வேண்டும். "சார், பாயோட முழங்கையத் தாங்கிப் பிடிங்க. வலி தாங்காம இழுப்பாரு. இழுக்க விடாதீங்க. அது உங்க பொறுப்பு" என்றேன். அவர் வாய் மூடிக்கொண்டது. பிடித்தார். கடைசிவரை பிடி தளரவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வெட்டினோம். ஒன்று. இரண்டு. மேலே வெடித்திருந்தாலும் அடியில் ஈரமாக இருந்த களிமண் மம்முட்டியில் ஒட்டிக்கொண்டு வந்தது. செல்வம் அழுதுகொண்டே வெட்டினார். அழுதுகொண்டே என்னைத் திட்டினார்.

"இன்னா ண்ணா... நீங்களும் ஏரிய தூர் வார்றீங்களா?" என்றார் கரீம் பாய். அவர் முகம் சாம்பலாக இருந்தது.

"உன்னால ஏரி வார்றவங்களுக்கு ஒரு வேலை மிச்சம். பேசாம இரு."

ஏழாவது வெட்டிலோ எட்டாவது வெட்டிலோ பக்கெட் முனகியது. நான் கையை உயர்த்தி செல்வத்தை நிறுத்தினேன். என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து எனக்குத் தெரியவில்லை. தெரியக்கூடிய இடத்தில் இருந்தவை அந்த மூன்று விரல்கள் மட்டுமே.

"கரீம், எவ்வளவு?" என்று கேட்டேன்.

அவர் கண்ணை மூடினார். "கால் நூல் எறங்கிச்சு ண்ணா."

"செல்வம், ஒரு வெட்டு. மெதுவா."

"அரை நூல்" என்றார் கரீம் பாய். இன்னும் ஒரு வெட்டு. "முக்கா... ண்ணா, வருது, வருது."

"சார், இப்ப இழுக்க விடுங்க. நேரா. திருப்பாதீங்க."

கை வெளியே வந்தது. மூன்று விரல்களும் அதனோடு வந்தன. அவை இருந்த நிலையை நான் வருணிக்கப்போவதில்லை. ஆனால் மூன்றும் கையோடு இருந்தன. ஈரத் துணி சுற்றி, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்திப் பிடித்தபடி ஆம்புலன்சில் ஏற்றினோம். எவ்வளவு நேரம் வெட்டினோம் என்று எனக்குத் தெரியாது. பிறகு தெரிந்தது. கரையிலிருந்து யாரோ கைப்பேசியில் படம் பிடித்திருந்தார்கள். நான்கு நிமிடம்.

அந்தப் படம் எங்களுக்கு முன்பே மருத்துவமனைக்கு வந்துவிட்டது. கரீம் பாயின் மனைவி ஷமீமா, அறுவை அரங்கின் வெளியே பெஞ்சில் அமர்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கைப்பேசியை நீட்டினார்.

"எல்லாரும் தூக்கு தூக்குன்றாங்க. நீங்க மட்டும் வேணாம்ன்றீங்க. ஏன் ண்ணா?"

நான் விளக்கினேன். குழாய், காற்று, தணிவு, களிமண் என்று அடுக்கினேன். என் காதுக்கே அது சாக்குப்போக்குப்போலக் கேட்டது. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"எனக்கு மிசினு தெரியாது ண்ணா. நாலு நிமிசம் அவரு கை அதுக்குள்ள இருந்துச்சு. அதான் தெரியும்."

நான் தலை குனிந்து நின்றேன். சரியான முடிவெடுத்தவன் உடனே புரிந்துகொள்ளப்படுவான் என்று எந்த நூலும் வாக்குறுதி தரவில்லை. உங்களுக்கும் யாரும் தரமாட்டார்கள். அதோடு, விரலை உள்ளே விடவைத்த கேள்வி என்னுடையது என்பதை அவர் அறியவில்லை. அதையும் அங்கேயே சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் முற்பகல் செல்வம் மருத்துவமனைக்கு வந்தார். கையில் இரண்டு துண்டுக் குச்சிகள். நேரே ஷமீமாவின் முன்னால் போய் நின்றார்.

"அக்கா, நான்தான் வண்டி ஆபரேட்டரு. நேத்து தூக்கப் போனது நான்தான். மேஸ்திரிய வாய்க்கு வந்தபடி ஏசினதும் நான்தான். ராவெல்லாம் தூக்கமே வர்ல. காத்தால ஏரியாண்ட போய்ட்டு, வேலிக்காத்தான் குச்சி ஒடிச்சேன். பச்சக் குச்சி, விரல் கனம். பாய் கை இருந்த அதே எடத்துல உட்டு, லீவர இழுத்தேன்." அவர் இரண்டு துண்டுகளையும் நீட்டினார். "மேல ஏறல க்கா. மொதல்ல கும்புடு போட்ச்சு. அப்பாலதான் ஏறுச்சு. பாரு."

குச்சி வெட்டுப்பட்ட இடம் கத்தியால் சீவியதுபோல இருந்தது. ஷமீமா இரண்டு துண்டுகளையும் வாங்கி, ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார். பிறகு பிரித்துப் பார்த்தார். அவற்றை முந்தானையில் முடிந்துகொண்டு என் பக்கம் திரும்பினார்.

"சாப்டீங்களா ண்ணா?" என்றார்.

முந்தைய நாள் காலையிலிருந்து நான் சாப்பிட்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

எலும்பு கூடிவிடும் என்று மருத்துவர் அம்மையார் சொன்னார். நடுவிரலின் நரம்பு மட்டும் நசுங்கியிருந்தது. அதில் உணர்ச்சி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், வாக்குத் தர முடியாது என்றார். கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டு கரீம் பாய் என்னிடம் சொன்னார்: "பாக்கறதுக்கு விரலு இருக்கும் ண்ணா. வேலைக்கு இருக்குமா, அதான் தெரியல." தொடுவுணர்வு இல்லாத ஃபிட்டர், சுருதி கேட்காத ஓதுவார்.

பட்டறைக்குத் திரும்பியதும் விரல் பந்தயத்தை ஒழித்தேன். தேக்கில் ஒரு முளை கடையச் செய்தேன். நூலுக்கு ஒரு படியாக அதில் ஏழு படிகள். இனித் துளைக்குள் போவது அது மட்டுமே. கட்டைக்கும் இரும்புக்கும் இடையில் ஒரு தாள்கூட நுழையாதபடி ஆப்பு வைத்து இறுக்க வேண்டும். யாருடைய கை இணைப்பின் அருகே போகிறதோ, அவருடைய சட்டைப் பைக்குள் வண்டியின் சாவி இருக்க வேண்டும். ஓட்டுநர் ஒவ்வொரு முறையும் வண்டியை நிறுத்தி, இறங்கி வந்து, கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

எதிர்ப்புக்குக் குறைவில்லை. "சாவி என்கிட்ட இல்லன்னா நான் இன்னாத்துக்கு மேல குந்தினு கீறேன், மணி ஆட்டவா?" என்று முதலில் கேட்டவர் செல்வமேதான். ஒரு பின் ஏற்ற இரு மடங்கு நேரம் ஆனது. வாடிக்கையாளர் சிலர் வேறு பட்டறைக்குப் போனார்கள். போகட்டும் என்று நான் சொல்லவில்லை, வருந்தினேன். ஆனால் வழக்கத்தை மாற்றவில்லை.

ஐந்து மாதம் கழித்துக் கரீம் பாய் வேலைக்குத் திரும்பினார். கருவி அறையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். "நான் என்ன ஸ்டோர் கீப்பரா?" என்று கேட்டுவிட்டு எங்கள் பட்டறை வண்டியில் ஏறி உட்கார்ந்தார். வெள்ளானூரில் மனைகளுக்காக நிலம் சமன்படுத்தும் இடம். மழை பெய்து ஓய்ந்திருந்தது; இயந்திரத்தின் சங்கிலிச் சக்கரங்களைச் சுற்றி முழங்கால் அளவுச் சேறு. அதே செல்வம், அதே சூப்பர்வைசர். அன்றும் பக்கெட்டின் பின்னை மாற்றும் வேலைதான்.

செல்வம் வண்டியை நிறுத்தினார். இறங்கி வந்தார். சாவியைக் கரீம் பாயின் வலக்கையில் வைத்தார். கரீம் பாய் விரல்களை மூடினார். விரல்கள் முழுவதும் மூடவில்லை. சாவி நழுவிச் சேற்றில் விழுந்தது. ஒரு குமிழி எழுந்து அடங்கியது.

கரீம் பாய் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தை ஏரியில்கூட நான் பார்த்ததில்லை.

"பரவாயில்ல விடுங்க, டூப்ளிகேட் எங்கிட்ட இருக்கு" என்று சூப்பர்வைசர் பையைத் திறந்தார்.

நான் வாய் திறப்பதற்குள் செல்வம் குறுக்கே வந்து நின்றார். "அத்த உள்ள வை சார். ஒரு வண்டிக்கு ரெண்டு சாவி கீதுன்னா, பாய் பாக்கெட்ல கீற சாவிக்கு இன்னா மருவாதி? இந்தச் சாவி கெடைக்கிற வரிக்கும் எவன் கையும் உள்ள போவாது."

"அதுக்காக அரை நாள் நிக்கிறதா?"

"நிக்கட்டும். நானும் நிக்கிறேன்" என்று சொல்லிக் காற்சட்டையை மடித்துவிட்டுச் சேற்றில் மண்டியிட்டார்.

தோழர்களே, எனக்கு மாலை போட்ட மேடைகள் உண்டு. பாராட்டுப் பட்டயங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகின்றன. முப்பத்தெட்டு ஆண்டில் நான் தலை நிமிர்ந்த நேரம் அதுதான். நான் ஒரு சொல்லும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் விதித்ததை எதிர்த்தவர், என்னைவிட உறுதியாக அதன்மேல் நின்றார். சூப்பர்வைசர் சற்று நேரம் பார்த்திருந்தார். பிறகு அந்த மாற்றுச் சாவியைப் பைக்குள் போட்டு, பையை என்னிடம் கொடுத்துவிட்டுத் தாமும் சேற்றில் இறங்கினார்.

நான்கு பேரும் குனிந்து துழாவினோம். கல் வந்தது, ஓட்டுத் துண்டு வந்தது, யாருடையதோ ஒரு செருப்பு வந்தது. "மாமே, இது உன்து மாரி கீதே" என்று செல்வம் அதைச் சூப்பர்வைசரிடம் நீட்டினார். வெயில் ஏறியது. கரீம் பாய் யாரோடும் பேசாமல், சக்கரத்தின் ஓரமாக, முழங்கைவரை வலக்கையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தார்.

நண்பகலைத் தாண்டியிருக்கும். அவர் கை அசைவதை நிறுத்தியது. கொஞ்சம் விலகியது, திரும்பவும் அதே இடத்துக்கு வந்தது. பிறகு மெல்ல வெளியே வந்தது. சேறு வடிந்தபோது சாவியின் வளையம் தெரிந்தது.

செல்வம் ஊளையிட்டார். சூப்பர்வைசர் கைதட்டினார். நான் மட்டும் அருகே போய்க் கேட்டேன்: "எந்த விரல்ல பட்டுச்சு?"

கரீம் பாய் விழித்தார். அவர் அதைக் கவனித்திருக்கவில்லை. சாவியை இடக்கைக்கு மாற்றினார். வலக்கையை மறுபடி சேற்றுக்குள் விட்டு, ஒவ்வொரு விரலாக அசைத்துப் பார்த்தார்.

"நடு விரலு ண்ணா" என்றார். "சில்லுன்னு கீது."